பதினேழுக்கு மேல்

முதலில் தோள்.
நாலரைக் கிலோக் கட்டையை
ஆறு வருஷம் மாட்டியதில்
என் சுடிதார்கள் எல்லாம்
இடத்தோளில் ஒரே இடத்தில் நைந்திருந்தன.

தஞ்சாவூர்க் கடைக்காரர் மூன்றை இறக்கிவைத்தார்.
ஒன்று முழுக்கட்டை,
தட்டினால் கதவைத் தட்டின மாதிரி.
ஒன்று முழுப் பொள்ளல்,
யாரோ இருமினாலும் திரும்பச் சொன்னது.
மூன்றாவது, பாதி:
நடுவில் மட்டும் கட்டை ஓடும்
இருபுறமும் காற்று
காற்றுக்கு வாசலாய்
தலை வளைந்த இரண்டு துளைகள்.
கம்பி நீளம் முப்பது அங்குலம்.
என் சுண்டுவிரல் முதல்முறையாக
நாலாவது ஃபிரெட்டுக்குக்
கெஞ்சாமல் போனது.

ஒயர் செருகாமல் வாசித்தேன்.
பக்கத்துக் கடை கிரைண்டர் இரைச்சலிலும்
விலா எலும்புக்குக் கேட்டது.
"பொண்ணுங்க கீபோர்டுதானே வாங்குவாங்க" என்றார்.
அந்த ஒரு வாக்கியத்துக்கு
ஆயிரத்து ஐநூறு குறைத்துக் கொடுத்தேன்.

நீடாமங்கலம் பஸ்ஸிலேயே முடிவு,
செட்டிங் நானே செய்வதென்று.
பழைய கம்பி கழற்றி வழவழக் கம்பி:
விரல் நகர்வது வெளியே தெரியக்கூடாது.
முதல் ஃபிரெட்டில் கை, கடைசியில் முழங்கை,
ஏழாவதில் இடைவெளி பார்க்கணும்.
விசிட்டிங் கார்டு நுழையலாம்
கல்யாணப் பத்திரிகை நுழையக்கூடாது.
நுழைந்தது.
உறையோடு நுழைந்தது.

ஐப்பசி.
அடைமழையின் ஒன்பதாம் நாள்.
கழுத்து குடித்திருந்தது.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்;
ஈரமானி பதினேழைத் தாண்டினால்
"காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்பது
என் வாயில் தேய்ந்த வாக்கியம்.
மரத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.
ஆலன் கீயில் கால் திருப்பு.
ஒரு ராத்திரி பொறுத்து
இன்னொரு அரைக்கால்.
பிறகு பாலத்தில் ஒவ்வொரு கம்பியாய்ப் பின்னுக்கு இழுத்து,
பன்னிரண்டாவதில் தொட்டதும் அழுத்தியதும்
ஒரே சுரம் என்று ஒப்புக்கொள்ளும்வரை.
தடிக்கம்பி மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை.
மயிரிழை பொய் சொல்லட்டும் என்று விட்டேன்.

கொரடாச்சேரிப் பக்கம் ஒரு வரவேற்பு.
மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர்;
அதன் முணுமுணுப்பு
என் தடிக்கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டுக்கு
ஒன்றுவிட்ட அண்ணன்.
ரஃபீக் கீபோர்டில் கை வைக்க
புகழ்மணி நாலு எண்ண
நான் அந்தச் சுரத்தைத் தொட்டதுதான்,
உள்ளே இருந்த காற்று எழுந்து ஊளையிட்டது.
விரலை எடுத்தேன். நிற்கவில்லை.
மாப்பிள்ளை காதைப் பொத்தினார்.

ஸ்பீக்கர் ஓரம்
பந்திக்குக் காத்திருந்தவரை அடையாளம் தெரிந்தது.
முந்தாநாள்.
பதினெட்டு புள்ளி நாலு.
நாற்பத்திரண்டு மூட்டை, திருப்பி அனுப்பியிருந்தேன்.
மேடையை எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"ஒங்க பொட்டி எத்தன பர்சன்ட்டும்மா?"

முன்வரிசை சிரித்தது.
நானும்தான், வேறென்ன செய்ய.
தோளிலிருந்து துண்டை உருவி நீட்டினார்.
பென்சில் முனையால் கொஞ்சம் கொஞ்சமாய்
மேல் துளைக்குள் திணித்தேன்.
கீழ்த் துளையைத் திறந்தே விட்டேன்.
ஸ்பீக்கரை விட்டு ஓரடி விலகி நின்றேன்.
இரண்டாவது பாட்டில்
பந்தலில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.
தண்ணீர்க் கோப்பைகளில் மட்டும்
வட்டம் வட்டமாய்.

அவர் நெல் ஐந்து நாள் கழித்து வந்தது.
பதினாறு புள்ளி எட்டு.
அவர் துண்டைக் கேட்கவில்லை
நான் சொல்லவுமில்லை.
உள்ளே போகும்போது நுனி நுனியாய்ப் போனது
வெளியே வரச் சொன்னால்
முழுத் துண்டாய் நிற்கிறது.
நீள மூக்குக் குறடு ஒன்று வாங்கணும்.
கழுத்து வேறு
மறுபடி கொஞ்சம் குடித்திருக்கிறது.