சிப்பிக் கணக்கு

ஜனவரி முதல் தேதி.
பெயரிலேயே வரி இருக்கிறது.
நைரிக்கு அது தெரியாது,
அவள் பேசும் மொழிகளில் இரண்டும் வேறு வேறு சொற்கள்.

நியூசிலாந்தின் தென்முனை, பிளஃப் துறைமுகம்.
மூலைக்கடைக்காரன்
பழைய விலையை நகத்தால் சுரண்டிவிட்டுப்
புதியதை ஒட்டிக்கொண்டிருந்தான்.
கோணலாகிவிட்டது. மறுபடி பிரித்தான்.
அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஏற்றியது அவனில்லை என்பது இருவருக்கும் தெரியும்.
சிகரெட் இருக்கும் அலமாரிக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு.
தங்கம் வாங்கப் போனால்கூட
கண்ணாடி வழியே பார்க்கவாவது விடுவார்கள்.

அவளுக்கு டாலரில் கணக்கு ஓடாது.
சிப்பியில் ஓடும்.

மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை
கொட்டகையில் நின்றபடி சிப்பி உடைப்பாள்.
டஜனுக்கு இவ்வளவு என்று கூலி.
கீலில் கத்தி முனை, ஒரு திருகு, தசையில் ஓர் இழுப்பு,
அடுத்தது.
மணிக்கட்டு இரவில் தானாகத் திருகிக்கொள்ளும்.

போன வருடம் சிகரெட் ஒன்றுக்குப் பதினெட்டு சிப்பி.
இன்றிலிருந்து இருபது.
அதில் பதினைந்தை அரசாங்கத்துக்காக உடைக்கிறாள்.
மீதி ஐந்தில்தான்
கம்பெனி, லாரி, கடைக்காரன், புகையிலை எல்லாம்.
லைட்டர் தனி.

தெற்கிலிருந்து வரும் காற்று
எந்தச் சிகரெட்டிலும் பாதியை அதுவே குடித்துவிடும்.
அதாவது பத்து சிப்பி.
காற்றுக்கு யார் பில் அனுப்புவது?

விட்டுத் தொலையேன் என்கிறார்கள்.
விட்டாள், மூன்று தடவை.
ஒரு தடவை நாற்பத்தொரு நாள்.
நாற்பத்திரண்டாம் நாள் டெரன்ஸின் படகு திரும்பவில்லை.
மூன்று மணிக்குத் திரும்பிவிட்டது,
எஞ்சின் கோளாறு, வேறொன்றுமில்லை.
அதற்குள் அவள் பற்றவைத்திருந்தாள்.

இப்போது நுனியைக் கிள்ளி அணைத்து
மீதியை மிட்டாய் டப்பாவில் வைக்கிறாள்.
ஹீட்டரை எட்டு மணிக்கே நிறுத்துகிறாள்.
கடைவாய்ப்பல் ஒன்று
இரண்டு வருடமாகக் காத்திருக்கிறது.
அவளை ஏழையாக்கித்தான் காப்பாற்ற முடியும் என்று
யாரோ நல்ல மனசோடு முடிவு செய்திருக்கிறார்கள்.
நல்ல மனசுதான், அவள் மறுக்கவில்லை.
ரசீதில் மட்டும் அது தெரிவதில்லை.

வியாழக்கிழமை இன்வர்காகில் ஆஸ்பத்திரி.
அக்கா மெரியானாவின் மூக்கில் குழாய்,
கட்டிலருகே மூச்சு விடும் இயந்திரம்.
நைரி அதை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.
முப்பது வருடம், நாளுக்குப் பத்து.
இந்தக் கட்டிலில் ஒரு காலாவது என்னுடையது,
அந்தத் திரைச்சீலை நிச்சயம் அக்காவுடையது.

வெளியே, வாசல் தாண்டி,
புகைக்கலாம் என்று சொல்லாத, ஆனால் துரத்தாத இடத்தில்
ஒரு நர்ஸ் வந்து நின்றாள். சட்டையில் கிர்ஸ்டன் என்று பெயர்.
"ஒண்ணு கிடைக்குமா? காசு தர்றேன்."
"இருபது சிப்பி."
"என்னது?"
நைரி டப்பாவைத் திறந்து பாதி ஒன்றை நீட்டினாள்.
"இது பத்துதான்."

திரும்பி உள்ளே போனதும்
அக்கா கையசைத்து அருகில் கூப்பிட்டாள்.
கோட்டின் காலரைப் பிடித்து இழுத்து,
குழாயைச் சற்றே விலக்கி,
முகத்தைப் புதைத்து மோந்தாள்.
நீளமாக.
அதற்கு இன்னும் வரி போடவில்லை.

"இப்ப எவ்வளவு?"
"இருபது."
"அடப்பாவிகளா" என்று சிரிக்கத் தொடங்கி
இருமலில் போய் முடிந்தாள்.
இயந்திரம் கத்தியது.
நர்ஸ் ஓடி வந்தாள்,
அவள் மேலும் அதே வாசம்.
அக்கா கண்ணை மூடிக்கொண்டு
இன்னொரு முறை மூச்சை இழுத்தாள்.