இரண்டு ஆறு மணி

குலசேகரம். ரப்பர் ஷீட் காயும் கொடிக்குக் கீழே
அயினிச் சருகைப் புரட்டிக்கொண்டு நின்றது.

மீன்கொத்தி என்றேன்.
மீனுக்கு இங்கே எங்கே போகும்?
வாலை யாரோ கத்தரித்த மாதிரி.
வாலடியில் வத்தல் அரைத்த சிவப்பு.
கண்ணுக்குக் குறுக்கே
நாடகத் திருடனின் கறுப்புப் பட்டை.

போட்டோ எடுக்கப் போனால்
போனில் சார்ஜ் இரண்டு சதவீதம்.

மீட்டர் கணக்கெடுக்க வந்த எட்வின்ராஜ்
அடையாளம் கேட்டான், அட்டையில் எழுதியபடியே:
"ஆறுமணிக் குருவியாக்கும்.
வடக்கேயிருந்து வருது.
அந்திக்கு ஆறானா கூவும், பாருங்க."

கூவியது, இரண்டே அசையில்.
சுவர்க்கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு.

பேட்டரி மாற்றினேன்.
மறுநாளும் ஐந்து ஐம்பத்திரண்டு.

இப்போது எங்கள் வீட்டில்
இரண்டு ஆறு மணி.
கட்டன்சாயா
முதலாவதுக்கு.