பாதி வெளிச்சம் வரை

லியெபாயா துறைமுக மருத்துவமனை.
எக்ஸ்ரே பார்க்கும் அறைக்கு ஜன்னல் இல்லை.
வெளியே பால்டிக் காற்று கொடிக்கம்பத்தை உலுக்குகிறது,
உள்ளே இரண்டு திரைகள் உறங்காமல்.

மாதத்தின் முதல் செவ்வாய் என்னுடையது.
ஒளிமானியைத் திரையின் நெற்றியில் வைத்து
காய்ச்சல் பார்ப்பவன்போல் காத்திருப்பேன்.
நானூறு இருக்கவேண்டும்.
நானூறுதான் இருக்கும், எப்போதும்.
அதுதான் இது சொல்லும் பொய்.

பின்விளக்குகள் களைத்துக்கொண்டே வருகின்றன.
களைப்பு வெளியே தெரியாதிருக்க
உள்ளிருக்கும் சில்லு மின்சாரத்தைக் கூட்டுகிறது.
கூடிய மின்சாரம் சூடு,
சூடு மேலும் களைப்பு.
கடனை அடைக்கக் கடன் வாங்குகிறவன்
கடைசி நாள்வரை
இஸ்திரி கலையாத சட்டையில் வருவதுபோல.

இடப்பக்கத் திரை: முப்பத்தோராயிரத்து நானூற்றெட்டு மணி.
தயாரித்தவர்களின் கையேட்டில் ஒரு வரி உண்டு:
வெளிச்சம் பாதியானால் ஆயுள் முடிந்ததாகக் கொள்க.
எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இடது காது கேட்காது.
அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.

பிப்ரவரியில் ஒரு திருட்டு செய்தேன்.
புதுத் திரைக்கு இந்த வருடம் பணமில்லை
என்றாள் நிர்வாகி அகிதா.
யாரும் இல்லாத மதியம்
நானூறை முந்நூற்று நாற்பது ஆக்கினேன்.
கண் என்ன தராசா,
கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்.
இரண்டு குளிர்காலம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

டாக்டர் ஸ்காய்த்ரீதே ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குள்
தெளிவு என்ற சொல் இருக்கிறது.
ஒன்பது நாள்.
கழுத்து மட்டும்
மீன் தேடும் கொக்குபோல முன்னே போய்க்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் ஒரு படகுக்காரரின் நெஞ்சுப் படம்.
மூன்றாம் விலாவின் பின்னே,
ஒரு சாம்பலுக்கும் அடுத்த சாம்பலுக்கும் நடுவே
அவள் நின்றுவிட்டாள்.
"இல்க்வார்ஸ், இங்கே ஏதாவது இருக்கிறதா?"
"இல்லை" என்றேன்.
"எனக்கும் தெரியவில்லை.
தெரியாத விதம்தான் சரியில்லை."

அவள் கண்முன்பே நானூறுக்கு ஏற்றினேன்.
அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை,
படத்தைப் பார்த்தாள்.
பார்லி மணியளவு வெண்மை.
மறுபடி படம் எடுக்கவும், என்று எழுதினாள்.
படகுக்காரர் பிறகு என்ன ஆனாரோ.
திரை பார்ப்பவனுக்கு அதைச் சொல்லும் வழக்கமில்லை.

அக்டோபரில் ஒளிமானி முந்நூற்றெழுபத்தொன்று காட்டியது.
ஊட்டுவதற்குச் சில்லிடம் இனி ஒன்றுமில்லை.
பாதிகூட ஆகவில்லை,
ஆனாலும் இந்த அறைக்கு அது செத்தது.
பணம் எங்கிருந்தோ வந்தது,
எப்போதும் கடைசியில் வருவதுபோல.

தள்ளுவண்டியில் வைத்துக் கீழே கொண்டுபோனேன்,
உணவுக்கூடத்தைத் தாண்டி.
அங்கே சுவரிலிருக்கும் தொலைக்காட்சியில்
போன வருடத்துப் பீட்ரூட் சூப்பின் விலை
கறையாகத் தங்கிவிட்டது.
யார் செய்தி வாசித்தாலும் நெற்றியில்
இரண்டு யூரோ பத்து.

சலவை அறையில் விஸ்மா விரிப்புகளை எண்ணுகிறாள்.
அவளுக்குத் தொண்ணூறு வைத்தேன்.
"கண் கூசுகிறது, குறை."
எண்பது.
சூடே இல்லை, பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன்.
இந்த வேகத்தில் போனால்
என் ஓய்வூதியத்தையும்
ஒருவேளை இந்தக் கட்டடத்தையும் தாண்டும்.
குடத்துக்குள் வைத்த விளக்கை ஏளனமாகச் சொல்வார்கள்.
நெடுநாள் எரிவது அதுதானோ என்னவோ.

மேலே புதுத் திரை, பத்தொன்பது மணி வயது.
நானூறு. இப்போதைக்கு உண்மையான நானூறு.

வீட்டுக்குப் போகும்போது விஸ்மா அதை அணைப்பதில்லை.
இரவெல்லாம் வீணாக எரிகிறதே,
ஆயுள் போகிறதே என்று சொல்லிப் பார்த்தேன்.
"விடியலில் நான் கதவைத் திறக்கும்போது
உள்ளே யாராவது விழித்திருக்கட்டும்."

என் ஏட்டில்
அந்த மணிகளை எழுதப் பத்தி கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன்.