இங்கே என்ன கொட்டியது?

ஞாயிற்றுக்கிழமை கோல் விழுந்தது.
எடெர் துள்ளி எழுந்த வேகத்தில்
கையிலிருந்த மாத்தேக் குடுவை
அக்காவின் சோபாவில் கவிழ்ந்தது,
பச்சைச் சக்கை, வெந்நீர், உறிஞ்சுகுழல், எல்லாம்.
அந்தக் கோலும் செல்லாது என்று
பிறகு சொல்லிவிட்டார்கள்.

மான்டெவிடியோவில் ஜூலை.
கடலென்று நம்பும்படி அகன்ற ஆற்றிலிருந்து
ஈரக்காற்று ஏறி வந்து
நாலாவது மாடிச் சுவர்களுக்கு வியர்க்கிறது.
காலுறை காயவே மூன்று நாளாகும் பருவத்தில்
திங்கட்கிழமை மதியம்
நிபியா சோபா கழுவ உட்கார்ந்தாள்.

மெத்தையைத் தூக்கினால் அடியில் ஒரு துணிச்சீட்டு.
அதில் ஒற்றை எழுத்து: டபிள்யூ.
தண்ணீர் படலாம் என்று பொருள்.
பதினாறு வருடமாக
அந்த அனுமதியின் மேல்தான்
உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

இடுக்கில் கையை விட்டாள்.
இரண்டு பெசோ, சூரியகாந்தி விதைத் தோல்,
வில்மார் ஓட்டும் பேருந்தின் சீட்டு,
எதனுடையது என்று தெரியாத ஒரு திருகாணி.
திருகாணியை மட்டும் துடைத்து
ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

வெதுவெதுப்பான தண்ணீர்,
ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு, ஒரு மூடி வினிகர்.
துணி வெள்ளையாக இருக்க வேண்டும்,
சாயத்துணி தன் பங்குக்கு ஏதாவது சொல்லிவைக்கும்.
முதலில் முதுகுப்புறம், சுவரைப் பார்த்த மூலையில்,
ஒரு விரலகலம் தொட்டுப் பார்த்தாள்.
சோபா ஆட்சேபிக்கவில்லை.

பிறகு கறை.
தேய்த்தால் உள்ளே போய்க் குடியேறிவிடும்.
ஒற்ற வேண்டும்,
வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல,
விளிம்பிலிருந்து நடுவுக்கு.
ஒற்ற ஒற்றப்
பச்சை மங்கி
மஞ்சளாகி
கடைசியில்
நீலமாயிற்று.

எழுந்து விளக்கைப் போட்டாள்.
நீலம்தான்.
சாம்பல் நிறச் சோபாவில்
உள்ளங்கை அகலத்துக்கு
ஜனவரி வானம்.

சாம்பல் என்றுதானே
அதற்கேற்ற திரைச்சீலை வாங்கினார்கள்?
சாம்பலோடு மஞ்சள் சேருமா சேராதா என்று
கடைக்காரியோடு அரைமணி நேரம் வழக்காடினானே வில்மார்?

ஏழு மணிக்கு வந்தான்.
கிளட்ச் மிதித்து மரத்த காலிலிருந்து
ஷூவைக் கழற்றியபடியே
அந்த நீலத்தைக் காட்டிக் கேட்டான்:
"இங்கே என்ன கொட்டியது?"

அவள் சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையைத் தட்டினார்.

அப்புறம் வேறு வழியில்லை.
இப்போது சுத்தம்தான் கறை.
அதைப் போக்க
மீதி சோபாவைக் கழுவியாக வேண்டும்.
அவன் இடது கைப்பிடியில் தொடங்கினான், அவள் வலதில்.
வாளித் தண்ணீர் முதலில் தேநீர்,
பிறகு காபி,
பிறகு பெயர் சொல்ல முடியாத ஒன்று.

தலை சாயும் இடத்தில்
எண்ணெய் ஊறிய ஒரு நிழல்.
"இது நானா?" என்றான்.
"பாதிதான் நீ.
மீதி, எடெர் கடன் கேட்க வந்து
கேட்காமலே தூங்கிப்போன இரவுகள்."

ஊற்றாதே ஊற்றாதே என்று சொல்லச் சொல்ல
நடுவில் ஊற்றிவிட்டான்.
ஹேர் டிரையர் சூடேறி
தானாகவே ஓய்ந்தது.
இருக்கிற துண்டையெல்லாம் விரித்து
மேலே ஏறி மிதித்தார்கள்,
ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு,
திராட்சை மிதிப்பவர்களைப் போல.
கீழ்வீட்டுக் கட்டை மறுபடி தட்டியது.

நாலு நாள் உட்கார இடமில்லை.
அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார்கள்.
நின்றால் வில்மாருக்குப் பேச்சு வருகிறது.
தினமும் சேவலோடு பேருந்தில் ஏறும் ஒருவர்,
சேவலுக்கும் சீட்டு வாங்குவாராம்.
எத்தனை நாளாக?
மூன்று வருடமாக.
இதை ஏன் சொல்லவே இல்லை?
அவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டு யோசித்தான்.

வெள்ளிக்கிழமை காய்ந்தது.
இருவர் துணியும் சந்தித்த இடத்தில் மட்டும்
கோணலாக ஒரு நீர்க்கோடு.
அது போகவில்லை. வினிகர் வாசனையும்தான்.
மற்றபடி நீலம்,
திரைச்சீலையோடு கொஞ்சமும் சேராத நீலம்.

நீ உட்காரு என்றாள்.
நீ முதலில் என்றான்.
ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள்.

இடது பக்கம்
மெல்ல, மிக மெல்ல
இறங்கியது.

நிபியா திரும்பி
ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள்.