நாலுக்கு எத்தனை

தலவாக்கலையில் எங்கள் தொடர்பகத்தில்
போட்டோகொப்பி இருபது ரூபா,
லெமினேட்டிங் நூறு,
படிவம் நிரப்ப முந்நூறு.
எழுத்தை எண்ணாக்க எவ்வளவென்று
சுவரில் ஒட்டிய பட்டியலில் இல்லை.

ஜெனோஷினி கோப்பைச் சுவெட்டருக்குள் அணைத்து வந்தாள்.
தலைமுடி நனைந்திருந்தது, கோப்பு நனையவில்லை.
"அண்ணே, ரிசல்ட்ட நாலுக்கு மாத்தணும்.
அமெரிக்காவுல ஒரு கொலேஜ்.
ராத்திரி பன்னெண்டு மணிக்கு மூடுறாங்க."
"யாரு ராத்திரி? நம்ம ராத்திரியா, அவங்க ராத்திரியா?"
அவளுக்குத் தெரியவில்லை.
முதலில் அதை மாற்றினேன்:
அவர்கள் நள்ளிரவு
நமக்கு நாளைக் காலை பத்தரை.
கதிரையில் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

உயிரியல் ஏ.
இரசாயனவியல் பி.
பௌதிகவியல் எஸ்.
ஏ என்றால் விசேட சித்தி,
பி மிகத் திறமைச் சித்தி,
எஸ் சாதாரண சித்தி.
சாதாரணத்தின் மேல் கட்டைவிரலை வைத்திருந்தாள்,
தற்செயலாகப் போல.

ஏற்கெனவே ஒருதரம் மாற்றப்பட்டவள்தான்.
மூன்று எழுத்தையும் இசட் புள்ளியாக்கி
நாலு தசமத்துக்கு நீட்டி
மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு
ஒரு மயிரிழை கீழே நிறுத்திவிட்டார்கள்.

தேடினேன். ஓர் அட்டவணை
எஸ்ஸுக்கு ஒன்று கொடுத்தது:
இரண்டு தசம் ஆறு ஏழு.
இன்னொன்று கை தாராளம்,
பி கூட அங்கே கொஞ்சம் கொழுத்திருந்தது:
மூன்று தசம் மூன்று மூன்று.
மூன்றாவது, எஸ்ஸைச் சித்தியாகவே எண்ணவில்லை.
இரண்டு தசம் மூன்று மூன்று.
ஒரே பிள்ளை, ஒரே கதிரை,
அரை மணித்தியாலத்தில் மூன்று பேர்.
நூற்றுஅறுபது டொலர் கட்டினால்
நாலாவது ஆளையும் செய்து தருகிறார்களாம்,
முத்திரை குத்தி.

"பௌதிகத்துக்குப் பதினாறு மாசம் சேர் இல்லண்ணே.
மாத்தலாகிப் போனவரு, போனவருதான்.
அதை எங்க போடுறது?"
படிவத்தை மேலும் கீழும் உருட்டினேன்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

கரண்ட் போனது.
இந்த ஊரில் அது ஒரு பகிடி:
ஆற்றை மறித்து மெகாவாட்டாக்கினோம்,
அருவிக்கு மணிக்கணக்குப் பார்த்துத் தண்ணீர் விடுகிறோம்,
கடையில் மெழுகுதிரி.
அவள் போன் வெளிச்சத்தில்
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
கூட்டி, மூன்றால் பிரித்துக் காட்டினேன்.
அவள் அப்பால் பார்த்த நேரம்
என் மூன்று எழுத்தையும் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
சி, எஸ், எஸ்.
ஒன்று தசம் மூன்று மூன்று.
தாராள அட்டவணையில் இரண்டரையைத் தாண்டுகிறேன்.
பதினொரு வருசம் கழித்து
யாருக்கும் தெரியாமல் பாஸாகி
பேனாவால் அடித்தேன்.

"மூணு மூணு மூணையே போடுவமா?" என்றாள்.
கேள்வி மாதிரி இல்லை,
கடனுக்குச் சாமான் கேட்பது மாதிரி.

கரண்ட் வந்தது. பக்கம் மறுபடி திறந்தது.
அந்தக் கட்டத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி, இவ்வளவு நேரமும் அங்கேயே இருந்தது:
உங்கள் பாடசாலை சராசரி தருவதில்லை என்றால்
நீங்களாகக் கணிக்க வேண்டாம்.
பெற்றதை உள்ளபடி எழுதுங்கள்.

தமிழில் சொன்னேன்.
திரும்பச் சொல்லச் சொன்னாள்.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன், இல்லை,
கட்டைவிரலை எடுத்திருந்தாள்.

ஏ.
பி.
எஸ்.
அந்தக் கடைசி எழுத்தை அவளே தட்டினாள்,
தேவைக்கு மேல் அழுத்தி.
நாலு என்ற கட்டம் வெள்ளையாகவே போனது.

முந்நூறுக்கு இருநூற்றைம்பது எடுத்தேன்,
கரண்ட் போன கணக்கில்.
அக்கரப்பத்தனை கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது.
படியில் நின்று திரும்பினாள்:
"ஓரத்துல அடிச்சு வச்சிருக்கீங்களே,
அது யாருடையது அண்ணே?"

"பேனா எழுதுதான்னு பார்த்தேன்" என்றேன்.