ஒட்டு

இருபத்தாறு நாள் நான் பார்த்தது
மார்கிட்டின் முதுகை.
முன்துடுப்பு அவளுக்கு, பின்துடுப்பு எனக்கு.
அவள் ஆற்றைப் பார்த்தாள்.
நான் அவள் கம்பளிச் சட்டையின் இடது தோளில்
பிரிந்து தொங்கிய ஒரு நூலையும்
அதற்கப்பால் ஆற்றையும்.

கூலி பேசித்தான் கூட்டிப்போனேன்,
மாவும் தேயிலையும் தனி.
பாறை மறிக்கும் இடங்களில்
தோணியைத் தலையில் கவிழ்த்துச் சுமப்பது நான்,
சாயப்பெட்டியைச் சுமப்பது அவள்.
பெட்டிதான் கனம் என்பது
மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

"உவிலுக், நிறுத்து" என்பாள்.
நிறுத்துவேன். ஒன்றுமிருக்காது அங்கே.
மான்தடம் இல்லை, மீன் தங்கும் மடு இல்லை,
கூடாரமடிக்கக் காய்ந்த மண்கூட இல்லை.
ஒரு வழுக்குப்பாறை,
அதன் இடுக்கில் போன வருஷத்துப் பனி ஒரு கீற்று.
அதையே நான்கு மணி நேரம் பார்ப்பாள்.
வெள்ளையை மட்டும் உப்புப்போல் கிள்ளிக் கிள்ளி எடுப்பாள்.
பனிக்கு அவள் இட்டது ஊதா,
அடியில் கொஞ்சம் பித்தளை மஞ்சள்.
கண் கோளாறு என்று நினைத்தேன்.
ஈரச் சாயத்தில் விழுந்து ஒட்டிய கொசுக்களை
அவள் எடுப்பதில்லை.
"அவையும் இந்த ஊர்தானே" என்றாள்.
எங்கள் மொழியை அவள் பேசினால்
பல்லிடுக்கில் முள் மாட்டியது போலிருக்கும்.
சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

சூரியன் சாயும், விழாது.
தரையை உரசிக்கொண்டே வடக்கே நடந்து
மறுபடி ஏறும்.
அந்தி வரட்டும் ஒளி மாறட்டும் என்று
தூரிகையோடு காத்துக் கிடந்து
ஒரு நாள் அழுதேவிட்டாள்.
கோடையில் இங்கே அந்திக்கு வேலையில்லை.
அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பதினேழாம் நாள்
நுரைத்துச் சரியும் ஒரு வளைவில்
தண்ணீருக்குள் படுத்திருந்தது கல்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
துணி கிழிகிற சத்தம். ஆமாம்,
அந்தத் தோணிக்கு மேல்தோல் துணிதானே.
என் உள்ளங்கை நுழையும் ஓட்டை.

மரமே இல்லாத நாட்டில்
பிசினுக்கு எங்கே போவது?
கொழுப்பை உருக்கிப் பூசினேன். நிற்கவில்லை.
கடற்கரை, நடந்தால் பதினைந்து நாள்.
மாவு, ஏழு நாளுக்கு.

மார்கிட் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.
பிறகு பெட்டியைத் திறந்து
ஒன்பதாம் நாள் வரைந்ததை எடுத்தாள்,
அந்தக் கீற்றுப் பனியை.
இருந்ததில் அதுதான் நல்ல படம். எனக்கே தெரியும்.
சட்டத்திலிருந்து உரித்தாள்,
என் கத்தியை வாங்கி
வானத்தைப் பாதியில் வெட்டினாள்.
மிச்சமிருந்த ஒரே வெள்ளைக் குழாயை
வால்வரை பிதுக்கிப் பசையாகத் தடவினாள்.
படம் உள்பக்கமா, வெளிப்பக்கமா என்றேன்.
"எண்ணெய் ஏறிய பக்கம் வெளியே.
தண்ணீர் அதில் ஒட்டாது."

காய மூன்று நாள்.
வெள்ளை இல்லாமல் அவளால் வரைய முடியவில்லை.
என் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து
அவளும் கொசு அடித்தாள்.
மூக்குத்தண்டில் ஒரு தழும்பு.
அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிறகு ஆறு நாள்
என் முழங்காலுக்கு நேர்கீழே
அந்தப் பனி ஆற்றில் ஓடியது.
சொட்டு நீர் உள்ளே வரவில்லை.

கம்பெனிக் கடைத் துறையில் கப்பல் நின்றது.
கணக்கன் எத்தனை படம் என்றான்.
"பதினொன்று" என்றாள்.
என் கூலியை எண்ணித் தந்தாள், இரண்டு நாணயம் கூடுதலாக.
நான் தோணியைக் கரையில் கவிழ்த்தபோது
குனிந்து ஒட்டைப் பார்த்தாள்.
ஆற்றுக்கல் உரசி ஒரு மூலை போயிருந்தது.
கொசு இரண்டு அப்படியே இருந்தன.
தலையைச் சாய்த்து நின்றாள்.
"இங்கே இன்னும் கொஞ்சம் நீலம் வேண்டும்,
இல்லையா?"

நானும் குனிந்தேன்.
வேண்டும் என்றுதான் தோணிற்று.