முப்பத்தோரு சாவிகள்

அக்டோபர் கடைசியில் அவர்கள் போய்விடுகிறார்கள்.
படகைக் கவிழ்த்துப் போட்டு,
குழாய்த் தண்ணீரை வடித்து,
சாவியை என்னிடம் தந்துவிட்டு.
முப்பத்தோரு வீடுகள்.
அவர்களுடைய கோடைக்காலம் முழுவதும்
என் இடுப்பு வளையத்தில் கிலுங்கிக்கொண்டு வருகிறது.

பிறகு ஏரி தன் வேலையைத் தொடங்கும்.
முதலில் ஓரங்களில்,
ஆறுகிற பாலில் ஆடை படிவது மாதிரி.
ஒரு காற்று வந்தால் கிழியும். மறுபடி படியும்.
டிசம்பர் எட்டாம் தேதி காலை
எச்செவெரி கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்துவிட்டு
"ஆள் தாங்கும்" என்றான்.
பனி வாரும் லாரி ஓட்டுகிறவன்.
அவன் சொன்னால் பள்ளிக்கூடமே நம்பும்.

என் வேலை கூரை.
நாலடி ஏறினால் உத்தரம் முனகும்.
மேலே நின்று மண்வெட்டியால் சதுரம் சதுரமாக அறுத்து
அல்வாத் துண்டு போலச் சரித்துவிட வேண்டும்,
கீழே யாராவது நிற்கிறார்களா என்று குரல் கொடுத்துவிட்டு.
போன வருஷம் கொடுக்காமல் தள்ளினேன்.
தபால்கார ஓடெட் மார்வரை புதைந்து
கடிதத்தை மட்டும் உயர்த்திப் பிடித்திருந்தாள்.
மின்கட்டண நோட்டீஸ். எனக்குத்தான்.

உள்ளேயும் போய்ப் பார்ப்பேன்.
பதினான்காம் எண்ணில் ஜூலையிலேயே நின்றுவிட்ட நாள்காட்டி.
இருபதாம் எண் மேசையில் பாதி சேர்த்த படப்புதிர்,
வானம் மட்டும் பாக்கி.
வாரத்துக்கு ஒரு துண்டு நான் வைக்கிறேன்.
இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஏழாம் எண் ஹாஸ்கெட்டுடையது.
ஒரே ஒரு குளிர்காலம் இங்கே தங்கியவர்,
மனைவி போன வருஷம்.
பீனிக்ஸிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுவார்.
எத்தனை அங்குலம்? காற்று எந்தப் பக்கம்?
அங்கே ஆரஞ்சு பழுத்துவிட்டதாம்.
குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொல்வார்.
இந்த ஜனவரியில் பேச்சுக்கு நடுவே
இயந்திரம் ஒன்றும் மூச்சுவிட்டது.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
"இந்த வருஷம் பாடுகிறதா?" என்றார்.

குளிர் சட்டென்று இறங்கும் இரவில்
பனிக்கட்டி சுருங்கி, கரைக்குக் கரை விரிசல் ஓடும்.
அவருக்கு அது பாட்டு.
எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
இருநூறு தப்படி நடந்து
கைபேசியைக் குப்புற வைத்தேன் ஏரியின்மேல்.
ஒன்றுமில்லை.
கூப்பிட்டால் வாலாட்டி வருகிற ஏரி இல்லை இது.
பத்து நிமிஷம்.
கால்விரல்கள் என்னுடையவை இல்லை என்றாகிவிட்டன.
எச்செவெரி வீட்டு விளக்கு அணைந்தது.
அப்போது
தெற்கு முனையில் கிளம்பி
என் பூட்ஸுக்கு அடியில் ஓடி
மதகுப் பக்கம் போய் முடிந்தது,
மலையகலத் துணியை யாரோ ஒரே இழுப்பில் கிழித்தது போல.

எடுத்துக் காதில் வைத்தேன்.
குளிரில் கைபேசி செத்திருந்தது.
எப்போது செத்தது என்று அதற்கே தெரியாது.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டார்.
ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
பீப்பாய்ப் பந்தயத்தில் தன் பெயருக்கு இரண்டு டாலர் கட்டச் சொன்னார்.
ஏரி நடுவில் சிவப்புப் பீப்பாய் நிற்கிறது.
அது முழுகும் நாளும் மணியும் சரியாகச் சொன்னவருக்குப் பாதிப் பணம்,
மீதி தீயணைப்பு நிலையத்துக்கு.
ஏப்ரல் இருபத்தாறு, பிற்பகல் மூன்று பத்து என்றார்,
ரயில் நேரம் சொல்வது போல.

மார்ச்சில் கூப்பிடவில்லை.
ஞாயிறுகளில் அளப்பதை நான் நிறுத்தவில்லை.
முப்பத்தெட்டு. முப்பத்தாறு.
இரவெல்லாம் மழை, முப்பத்தொன்று.

மகள் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள்.
ஏழாம் எண்ணை விற்கப் போகிறார்களாம், சாவி வேண்டுமாம்.
வளையத்திலிருந்து கழற்றும்போது நகம் உடைந்தது.
இன்னும் தபாலில் போடவில்லை.
வடக்குக் கூரையில் ஒன்றரை அடி இருக்கிறது,
யாராவது இறக்கத்தானே வேண்டும்.

இன்று இருபத்துநான்கு.
பீப்பாய் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.
கரையில் மடக்கு நாற்காலி போட்டு எச்செவெரி காத்திருக்கிறான்;
அவன் கட்டியது இருபத்தைந்து.
இன்னும் இரண்டு நாள் மேகம் மூடியிருந்தால் தேவலை என்று
கூரைமேல் நின்று நினைத்தேன்.
பிறகு குரல் கொடுத்துவிட்டு
ஒரு சதுரம் அறுத்தேன்.